13-க்கு 13 வென்றும் ஐந்தாம் இடம்: ஃபுளோரிடா ஸ்டேட் விவகாரம் ஒரு நிகழ்வு ஆய்வு

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் பிளே-ஆஃபுக்கு எந்த நான்கு அணிகள் போகின்றன என்று டிவியில் அறிவித்தார்கள். முதலிடம் மிச்சிகன், இரண்டாமிடம் வாஷிங்டன். இரண்டுமே 13 ஆட்டம் ஆடி 13-ஐயும் வென்றவை. அதில் யாருக்கும் மறுப்பில்லை. மூன்றாவது டெக்சஸ், நான்காவது அலபாமா. இரண்டுக்கும் 12 வெற்றி, ஒரு தோல்வி. ஐந்தாவதாக, அதாவது கதவுக்கு வெளியே, ஃபுளோரிடா ஸ்டேட். அதுவும் 13 ஆடி 13 வென்ற அணி. தன் கான்ஃபரன்ஸின் (சில கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்குள் ஆடும் லீக்) சாம்பியனும்கூட.

நான்கு அணி பிளே-ஆஃப் 2014 முதல் 2023 வரை பத்து சீசன் நடந்தது. அந்தப் பத்து ஆண்டுகளில், ஐந்து பெரிய கான்ஃபரன்ஸ்களில் ஒன்றின் சாம்பியனாக, ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வந்தும் வெளியே நிறுத்தப்பட்ட அணி இது ஒன்றுதான். தேசிய சாம்பியனை எப்படித் தீர்மானிப்பது என்று அந்த நாட்டில் நூறு வருடமாக நடக்கும் சண்டையின் முடிச்சுகள் பெரும்பாலும் இந்த ஒரு முடிவுக்குள் கிடக்கின்றன. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆடி முடித்த ஆட்டங்களுக்குத்தான் மதிப்பு தர வேண்டும். இனிமேல் ஆடினால் எப்படி ஆடுவார்கள் என்ற ஊகத்துக்கு அந்தக் கணக்கில் இடமே இருக்கக்கூடாது. அலபாமா நல்ல அணியா என்றால் நல்ல அணிதான். அது இங்கே கேள்வியே இல்லை.

இந்த விளையாட்டைத் தொடராதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. இது முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும் தூக்கிக்கொண்டு ஓடியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. கல்லூரிகளின் மேல்மட்டப் பிரிவில் 2023-இல் 133 அணிகள் இருந்தன. உடல் தாங்காத ஆட்டம் என்பதால் வாரத்துக்கு ஒன்றுதான் ஆட முடியும். ஓர் அணிக்கு சீசனுக்கு 12 ஆட்டங்கள், கான்ஃபரன்ஸ் இறுதிக்குப் போனால் இன்னொன்று. அந்தப் பன்னிரண்டிலும் பெரும்பாலானவை தன் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே. ஆக, நாட்டின் இரண்டு பெரிய அணிகள் ஒரு சீசனில் சந்திக்காமலே போவதுதான் வழக்கம். ஐபிஎல்-லில் பத்து அணி, ஒரே புள்ளிப் பட்டியல், முதல் நான்கு பிளே-ஆஃப். நான்காவதாக வந்த அணியைப் பார்த்து "உங்கள் கேப்டனுக்குக் கால் உடைந்துவிட்டது, அதனால் ஐந்தாவது அணியை அனுப்புகிறோம்" என்று யாராவது சொன்னால் என்ன ஆகும்? கல்லூரிக் கால்பந்தில் அந்தப் பொதுப் புள்ளிப் பட்டியல் கிடையாது. பட்டியலின் இடத்தில் ஒரு கமிட்டி உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ, கூடைப்பந்து முதல் நீச்சல் வரை தேசியப் பட்டம் நடத்துகிறது. கால்பந்திலேயே கீழ்மட்டப் பிரிவுகளுக்கெல்லாம் அதுவே பிளே-ஆஃப் நடத்தி சாம்பியனை அறிவிக்கிறது. ஆனால் பணமும் கூட்டமும் குவிந்திருக்கும் மேல்மட்டத்தில் மட்டும் அதன் கையில் எதுவும் இல்லை. அங்கே பட்டம் கான்ஃபரன்ஸ்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தச் சரக்கு.

முன்கதை, சுருக்கமாக

முதல் கல்லூரி ஆட்டம் 1869-இல் ரட்கர்ஸுக்கும் பிரின்ஸ்டனுக்கும் நடந்தது. சாம்பியன் யார் என்பதை வெகுகாலம் பத்திரிகைகள்தான் சொல்லின. 1936 முதல் ஏபி செய்தி நிறுவனம் விளையாட்டு நிருபர்களிடம் வாக்கெடுத்துத் தரவரிசை போட்டது. 1950-இல் பயிற்சியாளர்கள் தனியாக வாக்களிக்கத் தொடங்கினார்கள். இரண்டும் ஒத்துப்போகாத வருடங்களில் இரண்டு சாம்பியன்கள். 1990-இல் கொலராடோவும் ஜார்ஜியா டெக்கும். மறு வருடம் மயாமியும் வாஷிங்டனும். 1997-இல் மிச்சிகனும் நெப்ராஸ்காவும். சீசன் முடிந்ததும் பெரிய அணிகள் ரோஸ் பவுல், சுகர் பவுல், ஆரஞ்சு பவுல் என்று விருந்தாட்டம் ஆடும். எந்த பவுலுக்கு எந்த கான்ஃபரன்ஸ் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் இருந்ததால் முதலிரண்டு அணிகள் மோதுவதற்கே வழியில்லாமல் போகும்.

இதைச் சரிசெய்ய 1998-இல் வந்தது பிசிஎஸ். வாக்கெடுப்பையும் கணினிக் கணக்கையும் கலந்து முதலிரண்டு அணிகளைத் தேர்ந்து இறுதியாட்டம் வைக்கும் ஏற்பாடு. 2003-இல் அது கேலிக்கூத்தானது. இரண்டு வாக்கெடுப்பிலும் முதலிடத்தில் இருந்த யுஎஸ்சி-யை வெளியே விட்டது. தன் கான்ஃபரன்ஸ் இறுதியில் கன்சாஸ் ஸ்டேட்டிடம் 35-7 என்று நொறுங்கிய ஓக்லஹோமாவை உள்ளே அனுப்பியது. எல்எஸ்யு அந்த ஓக்லஹோமாவை 21-14 என வென்று பிசிஎஸ் கோப்பையை எடுத்துக்கொண்டது. ஏபி நிருபர்கள் யுஎஸ்சி-தான் சாம்பியன் என்று அறிவித்தார்கள். மறு வருடம் ஆபர்ன் தோல்வியே இல்லாமல் நின்றும் இறுதிக்குக் கூப்பிடவில்லை. 2011 சீசனில் ஒரே கான்ஃபரன்ஸின் எல்எஸ்யு-வும் அலபாமாவும், ஏற்கெனவே ஒருமுறை மோதியவை, மறுபடியும் இறுதியில் மோதியபோது மற்றவர்களின் பொறுமை போனது. 2014 சீசனிலிருந்து நான்கு அணி பிளே-ஆஃப் வந்தது. நால்வரைத் தேர்வது 13 பேர் கொண்ட குழு.

நவம்பர் 18 முதல் டிசம்பர் 2 வரை

நவம்பர் 18 மாலை, டல்லஹாசி நகரின் டோக் கேம்பல் ஸ்டேடியம். ஃபுளோரிடா ஸ்டேட் அதுவரை 10 ஆடி 10 வென்றிருந்தது. செப்டம்பரில் எல்எஸ்யு-வை 45-24, கிளெம்சனைக் கூடுதல் நேரத்தில் 31-24. எதிரே நார்த் அலபாமா, கீழ்மட்டப் பிரிவு அணி. முதல் கால்பகுதியிலேயே குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் முக்கிய ஆட்டக்காரர்) ஜோர்டன் டிராவிஸ் பந்தோடு ஓடும்போது பிடித்து வீழ்த்தப்பட்டார். இடது கால் போயிற்று. ஸ்ட்ரெச்சர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவருடைய கல்லூரி வாழ்க்கை அங்கே முடிந்தது. ஸ்கோர்போர்டில் நார்த் அலபாமா 13-0 என முன்னிலையில் இருந்தது. மாற்று ஆட்டக்காரர் டேட் ரோட்மேக்கர் இறங்கினார். ஆட்டம் 58-13 என்று முடிந்தது. டிராவிஸ் வெளியேறிய பிறகு எதிரணிக்கு ஒரு புள்ளிகூட இல்லை. பின்னால் குழு சொன்ன காரணத்தை இந்த ஸ்கோரோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

அடுத்த வாரம் பரம எதிரியான ஃபுளோரிடாவின் மைதானத்தில் 24-15 வெற்றி. அந்த ஆட்டத்தில் ரோட்மேக்கருக்குத் தலையில் அடி. ஆக, டிசம்பர் 2 அன்று சார்லட்டில் லூயிவிலுக்கு எதிரான ஏசிசி (ஃபுளோரிடா ஸ்டேட்டின் கான்ஃபரன்ஸ்) இறுதியாட்டத்தில் மூன்றாம் நிலை குவார்ட்டர்பேக், முதலாண்டு மாணவர் பிராக் கிளென் இறங்க வேண்டியதாயிற்று. பையன் எறிந்து எடுத்தது மொத்தம் 55 கஜம். பார்க்க அழகான ஆட்டமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தற்காப்பு அணி லூயிவிலை 6 புள்ளியில் கட்டிப்போட்டது. 16-6. கோப்பை கைக்கு வந்தது.

அதே மூன்று வாரத்தில் அலபாமா என்ன செய்தது? நவம்பர் 25, ஆபர்ன் மைதானம். முந்தைய வாரம்தான் நியூ மெக்சிகோ ஸ்டேட்டிடம் சொந்த மண்ணில் 31-10 என்று உதை வாங்கியிருந்தது ஆபர்ன். அந்த ஆபர்னிடம் அலபாமா 24-20 எனப் பின்தங்கி நின்றது. கடைசி நிமிடம், நான்காவது, அதாவது கடைசி முயற்சி, கோட்டுக்கு 31 கஜம். இந்த விளையாட்டில் அந்த இடத்திலிருந்து தப்பிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். குவார்ட்டர்பேக் ஜேலன் மில்ரோ வெகுநேரம் நின்று பார்த்து, கோட்டுக்கு அப்பால் புள்ளி கிடைக்கும் பகுதியான எண்ட் ஸோனின் இடது மூலைக்கு எறிந்தார். ஐசேயா பாண்ட் பிடித்தார். மீதமிருந்தது 32 விநாடி. 27-24. அந்தப் பந்து ஓர் அடி விலகியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. அடுத்த வாரம் அட்லாண்டாவில், தொடர்ந்து 29 ஆட்டம் வென்றிருந்த முதலிட ஜார்ஜியாவை அலபாமா அதே 27-24 கணக்கில் வீழ்த்தி, தன் கான்ஃபரன்ஸான எஸ்இசி-யின் சாம்பியனானது.

குழு மாட்டிக்கொண்ட இடம்

நவம்பர் 28 தரவரிசையில் ஃபுளோரிடா ஸ்டேட் நான்காவது. டெக்சஸ் ஏழு, அலபாமா எட்டு. டிராவிஸின் காயம் ஏற்கெனவே தெரிந்த செய்தி. அது தெரிந்தே கொடுத்த நான்காம் இடம். ஐந்து நாள் கழித்து, இன்னொரு ஆட்டத்தையும் வென்ற பிறகு, ஐந்தாம் இடம்.

குழு டெக்சஸ் மாநிலத்தின் கிரேப்வைனில் ஒரு ஹோட்டலில் கூடுகிறது. அன்றிரவு அவர்கள் முன் இருந்த சிக்கல் சங்கிலிபோல. ஜார்ஜியாவை அலபாமா வென்றுவிட்டது. அலபாமாவை டெக்சஸ் செப்டம்பரில் அலபாமாவின் சொந்த மைதானத்திலேயே 34-24 என வென்றிருக்கிறது. அதனால் அலபாமாவை உள்ளே விட்டால் டெக்சஸையும் விட்டாக வேண்டும். மிச்சிகன், வாஷிங்டன் இரண்டையும் தொட முடியாது. மீதி இரண்டு இடத்துக்கு டெக்சஸும் அலபாமாவும், இல்லையென்றால் ஃபுளோரிடா ஸ்டேட்டும் டெக்சஸும். இரண்டாவது வழியில் போனால் எஸ்இசி-யிலிருந்து ஒரு அணிகூட இருக்காது. அந்த கான்ஃபரன்ஸ் இல்லாத பிளே-ஆஃப் அதுவரை நடந்ததே இல்லை.

குழுத் தலைவர் பூ காரிகன். ஏசிசி-யிலேயே உள்ள என்சி ஸ்டேட்டின் விளையாட்டு இயக்குநர் என்பது இதில் ஒரு வேடிக்கை. அவர் டிவியில் சொன்ன காரணத்தின் சாரம்: டிராவிஸ் இல்லாத ஃபுளோரிடா ஸ்டேட் முதல் பதினோரு வாரம் பார்த்த அணி அல்ல, வேறு அணி. விதிப்படி அவர் பேசியது தப்பே இல்லை. குழுவின் நடைமுறைக் குறிப்பிலேயே, முக்கிய வீரரோ பயிற்சியாளரோ இல்லாமல் போவது பருவத்துக்குப் பிந்தைய ஆட்டத்தைப் பாதிக்கக்கூடும் என்றால் அதையும் கருதலாம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

நோய் அந்த வரியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். தனிமனிதர்களைத் திட்டிப் பயனில்லை. கான்ஃபரன்ஸ் பட்டம், எதிரணிகளின் வலிமை, நேருக்கு நேர் முடிவு, பொது எதிரிகளிடம் ஆடிய விதம் என்று குழு பார்க்கும் மற்ற அளவுகோல்கள் எல்லாமே நடந்து முடிந்தவை. யார் வேண்டுமானாலும் எடுத்துச் சரிபார்க்கலாம். காயத்தைப் பற்றிய வரி மட்டும் ஜனவரியில் என்ன நடக்கும் என்று ஜோசியம் பார்க்கச் சொல்கிறது. ஜோசியத்துக்கு அப்பீல் கிடையாது.

ஜோசியமும்கூட அரைகுறையானது. அரையிறுதி ஜனவரி 1. தலையில் அடிபட்ட ரோட்மேக்கர் அதற்குள் தேறிவிடுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பிராக் கிளென்னின் 55 கஜத்தை வைத்து எடை போட்டார்கள். கிளென் அந்த ஆட்டத்தில் இறங்கியே இருக்க மாட்டார். மறுபக்கம், செப்டம்பரில் டெக்சஸிடம் தோற்ற மறு வாரம் அலபாமா தன் குவார்ட்டர்பேக் மில்ரோவை உட்கார வைத்துவிட்டு சவுத் ஃபுளோரிடாவை 17-3 என்று தடுமாறித்தான் வென்றது. அந்த அலபாமாவும் "வேறு அணி"தான். அதற்குக் கிடைத்த சலுகை, வேறு அணியாக மாறிய பிறகும் தோற்காமல் இருந்த ஃபுளோரிடா ஸ்டேட்டுக்குக் கிடைக்கவில்லை.

தலைகீழ் உதாரணம் இதே பிளே-ஆஃபின் முதல் வருடத்திலேயே இருக்கிறது. 2014-இல் ஒஹையோ ஸ்டேட்டின் முதல் குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லர் ஆகஸ்டிலேயே காயப்பட்டார். இரண்டாமவர் ஜே.டி. பேரட் மிச்சிகன் ஆட்டத்தில் கணுக்காலை உடைத்துக்கொண்டார். மூன்றாமவர் கார்டேல் ஜோன்ஸ் கான்ஃபரன்ஸ் இறுதியில் விஸ்கான்சினை 59-0 என்று துவைத்தார். ஒஹையோ ஸ்டேட் நான்காவது அணியாக உள்ளே போனது; அந்த வாரம் 55-3 என வென்ற டிசியு மூன்றிலிருந்து ஆறுக்கு இறங்கியது. ஜோன்ஸ் அலபாமாவை 42-35, ஓரிகனை 42-20 என வென்று கோப்பையோடு திரும்பினார். மூன்றாம் ஆள் என்ன செய்வார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? "அவர் 59 எடுத்துக் காட்டினார், கிளென் 16-தானே எடுத்தார்" என்பார்கள். எடுத்துக் காட்டியதைப் பார்ப்பது என்றால், தோற்காமல் காட்டியதையும் பார்க்க வேண்டும்.

மறுபக்கத்து வாதம்

அலபாமாவின் வக்கீல்களிடம் சரக்கு இல்லாமல் இல்லை. அந்த வருடம் ஜார்ஜியாவை வேறு யாரும் வெல்லவில்லை. எஸ்இசி-யின் அட்டவணை ஏசிசி-யைவிடக் கடினம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. அலபாமா அரையிறுதியில் மிச்சிகனிடம் கூடுதல் நேரத்தில் 27-20 என்றுதான் தோற்றது. கடைசி முயற்சியில் மூன்று கஜம் வராமல் போனது. அந்த மிச்சிகன் பிறகு வாஷிங்டனை 34-13 என வென்று சாம்பியனானது. தகுதியில்லாத அணியை அனுப்பினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. அட்டவணை வலிமையைக் காரணம் காட்டி, "இவர்கள் வென்ற 12 அவர்கள் வென்ற 13-ஐவிடக் கனம்" என்று குழு சொல்லியிருந்தால் நான் முணுமுணுத்திருப்பேன், ஆனால் வாதம் புரிந்திருக்கும். அது நடந்த ஆட்டத்தைப் பற்றிய வாதம்.

அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் இன்னொரு "சான்று" ஆரஞ்சு பவுல். டிசம்பர் 30 அன்று ஜார்ஜியா 63, ஃபுளோரிடா ஸ்டேட் 3. பவுல் வரலாற்றிலேயே பெரிய இடைவெளி. பார்த்தீர்களா, குழு செய்தது சரி என்றார்கள். இது நியாயமில்லாத பேச்சு. பிளே-ஆஃப் கிடையாது என்றானதும் ஃபுளோரிடா ஸ்டேட்டின் இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் விலகினார்கள். தொழில்முறை ஆட்டத்துக்குப் போகவிருந்தவர்கள் உடம்பைக் காப்பாற்றிக்கொண்டார்கள். சிலர் வேறு கல்லூரிக்கு மாறினார்கள், ரோட்மேக்கர் உட்பட. மைதானத்தில் இறங்கியது சட்டையால் மட்டுமே ஃபுளோரிடா ஸ்டேட். வென்ற ஜார்ஜியாவின் பயிற்சியாளர் கிர்பி ஸ்மார்ட்டே ஆட்டம் முடிந்ததும், இந்த அமைப்பைச் சரிசெய்தாக வேண்டும் என்று பேசினார்.

டிராவிஸ் அறிவிப்பு வந்த அன்றே ஒரு பதிவு போட்டார். என் கால் சீசனின் தொடக்கத்திலேயே உடைந்திருக்கக் கூடாதா, இந்த அணி ஒரு குவார்ட்டர்பேக் மட்டுமல்ல என்று எல்லோரும் பார்த்திருப்பார்களே என்பது அதன் சாரம். உண்மையில் அவர் தர்க்கம் சரிதான். செப்டம்பரில் கால் உடைந்து, ரோட்மேக்கரை வைத்தே 13 வென்றிருந்தால், ஐந்தாம் இடத்துக்குத் தள்ளக் குழுவிடம் காரணம் இருந்திருக்காது. காயம் எந்த மாதம் பட்டது என்பதை வைத்துப் பட்டத்துக்கான தகுதி மாறுகிறது என்றால், அந்த விதிப் புத்தகத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

ஒளிபரப்பு நிறுவனத்தின் சதி என்ற பேச்சும் கிளம்பியது. பிளே-ஆஃபையும் ஒளிபரப்புவது ஈஎஸ்பிஎன், எஸ்இசி-யின் ஆட்டங்களும் அதன் கையில். அதனால் எஸ்இசி-யை உள்ளே தள்ளிவிட்டார்கள் என்று. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஏசிசி-யின் சேனலும் அதே ஈஎஸ்பிஎன்-னுடையதுதான். சதி இல்லாமலேயே இப்படி ஒரு முடிவு வரும் என்பதுதான் கவலைக்குரிய விஷயம். பெரிய பெயரைப் பார்த்துப் பழகிய கண், சிக்கலான நேரத்தில் பெரிய பெயரையே சிறந்த அணி என்று காணும். அதற்கு யாரும் போன் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

பணம் வேறு இருக்கிறது. நான்கு அணி முறையில் அரையிறுதிக்குப் போகும் ஒவ்வொரு அணிக்கும் அதன் கான்ஃபரன்ஸுக்கு 60 லட்சம் டாலர். டிசம்பர் 22 அன்று ஃபுளோரிடா ஸ்டேட் தன் கான்ஃபரன்ஸான ஏசிசி மீதே வழக்குப் போட்டது. ஏசிசி முந்தின நாளே வட கரோலைனாவில் வழக்கைத் தொடங்கிவிட்டிருந்தது. விலகும் கட்டணம், ஒளிபரப்பு உரிமை என்று அந்தத் தகராறு வெகுநாளாகப் புகைந்ததுதான்; டிசம்பர் 3 அதற்குத் தீக்குச்சி. 2025 மார்ச்சில் சமரசம் ஆனது. இனி டிவி பார்வையாளர் எண்ணிக்கையையும் பார்த்து வருமானம் பங்கிடப்படும்.

இடம் கூடியது, கேள்வி அப்படியே

2024 சீசனிலிருந்து பிளே-ஆஃபில் 12 அணிகள். 2024, 2025 சீசன்களில் தரவரிசையில் மேலே இருந்த ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு நிச்சய இடம்; மீதி ஏழும் குழுவின் கையில். 2023-இல் இந்த முறை இருந்திருந்தால் ஃபுளோரிடா ஸ்டேட் சந்தேகத்துக்கு இடமின்றி உள்ளே. ஆகவே பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைத்தார்கள். தீரவில்லை, கோடுதான் கீழே நகர்ந்தது.

2024-இல் குழு நல்ல காரியம் ஒன்று செய்தது. ஏசிசி இறுதியில் கடைசி விநாடி உதையால் 34-31 எனத் தோற்ற எஸ்எம்யு-வை உள்ளே விட்டு, மூன்று தோல்வி கண்ட அலபாமாவை வெளியே நிறுத்தியது. எஸ்எம்யு முதல் சுற்றில் பென் ஸ்டேட்டிடம் 38-10 என்று தோற்றதும் மறுபடியும் அதே பல்லவி: தகுதியில்லாதவர்களை ஏன் அனுப்பினீர்கள்? தோற்பதற்காகத்தானே ஆட்டம் வைக்கிறார்கள், இரண்டில் ஒருவர் தோற்றுத்தான் ஆக வேண்டும்.

அந்த வருடம் சாம்பியனானது எட்டாம் இடத்து ஒஹையோ ஸ்டேட். நவம்பர் 30 அன்று, 7 வெற்றி, 5 தோல்வி என்று 12 ஆட்ட சீசனை முடித்த மிச்சிகனிடம் சொந்த மண்ணில் 13-10 எனத் தோற்ற அதே ஒஹையோ ஸ்டேட். இந்த இரண்டு அணிகளும் மோதும் நாளுக்காக வருடம் பூராவும் காத்திருப்பார்கள். அந்தத் தோல்வி கடைசியில் ஒரு கீறல்கூடப் போடவில்லை. அக்டோபரில் அவர்களை 32-31 என வென்ற ஓரிகன், தோல்வியே இல்லாமல் முதலிடத்தில் வந்து, ரோஸ் பவுலில் அதே ஒஹையோ ஸ்டேட்டிடம் 41-21 என்று வெளியேறியது. பட்டத்தில் குறை சொல்ல மாட்டேன். நான்கு ஆட்டம் வரிசையாக வென்று எடுத்தார்கள். ஆனால் இடங்களைக் கூட்டக் கூட்ட சீசனின் பன்னிரண்டு சனிக்கிழமைகள் மலிவாகின்றன. 16, 24 என்று இப்போது நடக்கும் பேரத்தைப் பார்க்கும்போது அதுதான் தோன்றுகிறது.

2025-இல் இன்னொரு கூத்து. நவம்பர் முழுக்க வாராந்தரத் தரவரிசையில் நோட்டர் டேம் மயாமிக்கு மேலேயே இருந்தது. கடைசி வாரம் இரண்டு அணியும் ஆடவே இல்லை. ஆடாத வாரத்தில் மயாமி மேலே ஏறி உள்ளே போயிற்று, நோட்டர் டேம் வெளியே. காரணம்: ஆகஸ்ட் 31 அன்று மயாமி நோட்டர் டேமை 27-24 என வென்றிருக்கிறது. என் பார்வையில் முடிவு சரி. நேருக்கு நேர் வென்றவன் மேலே இருக்க வேண்டும். ஆனால் ஆகஸ்ட் மாதத்து ஆட்டம் நவம்பரிலும் நடந்து முடிந்த ஆட்டம்தானே? அதுவரை ஏன் எடுபடவில்லை? இடையில் இருந்த பிஒய்யு அணி தோற்று இறங்கியதால் இரண்டும் அடுத்தடுத்து வந்தன, அப்போதுதான் நேரடி முடிவை ஒப்பிட்டோம் என்பது குழுவின் விளக்கம். கடுப்பான நோட்டர் டேம் எந்த பவுலும் வேண்டாம் என்று விலகிக்கொண்டது.

சரி, எப்படித்தான் தீர்மானிப்பது?

முதலில் காயத்தைப் பற்றிய வரியை அடித்துவிட வேண்டும். அதற்குச் செலவும் இல்லை, புது ஒப்பந்தமும் வேண்டாம். யார் ஆடினார்கள், யார் ஆடவில்லை என்பது பயிற்சியாளரின் தலைவலி. தேர்வாளர் பார்க்க வேண்டியது முடிவை.

அடுத்து, அந்த ஏழு இடங்களுக்கும் சீசன் தொடங்கும் முன்பே அச்சிட்டு வெளியிட்ட சூத்திரம். இன்ன அட்டவணையை ஒரு சராசரி நல்ல அணி ஆடியிருந்தால் எத்தனை வென்றிருக்கும், இந்த அணி எத்தனை வென்றது என்று ஒப்பிடும் கணக்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதில் கடினமான அட்டவணைக்கு உரிய மதிப்பு கிடைக்கும். அலபாமாவின் வக்கீல்களும் குறை சொல்ல முடியாது. சமமாக வந்தால் நேருக்கு நேர் முடிவு. கணினிச் சூத்திரம் என்றாலே பிசிஎஸ்-ஸின் கெட்ட பெயரைக் காட்டி மிரட்டுவார்கள். பிசிஎஸ்-ஸில் முக்கால்வாசிக் குழப்பம் இரண்டே இடம் இருந்ததால் வந்தது. மிச்சம், ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் சூத்திரத்தைத் திருத்திக்கொண்டே போனதால். பன்னிரண்டாம் இடத்துக்கும் பதின்மூன்றாம் இடத்துக்கும் நடுவே சூத்திரம் கோடு போட்டால், வெளியே நிற்பவனுக்கு வருத்தம் இருக்கும். எந்த ஆட்டத்தைத் தோற்றதால் வெளியே நிற்கிறோம் என்பதும் தெரியும். ஃபுளோரிடா ஸ்டேட் வீரர்களுக்கு அப்படிக் காட்ட ஒரு ஆட்டம்கூட இல்லை.

இதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. எல்லாரும் ஏறக்குறைய ஒரே அளவு கடினத்தை ஆட வேண்டும். பிக் டென் கான்ஃபரன்ஸுக்குள் ஒன்பது ஆட்டம் ஆடும்போது எஸ்இசி எட்டோடு நிறுத்திக்கொண்டு, நவம்பரில் ஒரு சிறிய கல்லூரியைக் கூப்பிட்டு அடித்துவிட்டு அனுப்பிவந்தது. 2026 முதல் எஸ்இசி-யும் ஒன்பதுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறது. நல்லது. கீழ்மட்ட அணியை வென்றதற்குச் சூத்திரத்தில் எதுவும் கிடையாது என்று ஆக்கிவிட்டால் அந்த ஆட்டங்கள் தானாகவே குறையும்.

அணிகளின் எண்ணிக்கையில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. பன்னிரண்டு போதும், பதினாறு ஆனாலும் குடிமுழுகாது, இருபத்துநான்கு வேண்டாம். சாம்பியன்களுக்கான இடங்களை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. 2025-இல் டியூலேனும் ஜேம்ஸ் மேடிசனும் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தன. சிறிய கான்ஃபரன்ஸ்களுக்கு இருக்கும் ஒரே கதவு அது. 2017-இல் யுசிஎஃப் 12-க்கு 12 வென்றும் குழுவின் பட்டியலில் பன்னிரண்டுக்கு மேல் ஏற முடியாமல், கடைசியில் தானே தன்னைச் சாம்பியன் என்று அறிவித்துக்கொண்டு ஊர்வலம் போனது. கேலி செய்தவர்கள் அதிகம். பீச் பவுலில் அது வென்ற ஆபர்ன், அந்த சீசனில் இறுதிக்குப் போன அலபாமா, ஜார்ஜியா இரண்டையும் வென்ற அணி என்பதைச் சொன்னவர்கள் குறைவு.

இதெல்லாம் நடக்குமா? 2026 முதல் அமைப்பை மாற்றும் அதிகாரம் பெரும்பாலும் எஸ்இசி, பிக் டென் இரண்டிடமும் போய்விட்டது. வருமானத்திலும் ஆளுக்கு ஏறக்குறைய 29 சதவீதம். தங்களுக்கு இத்தனை இடம் நிச்சயம் என்று எழுதி வாங்கத்தான் பிக் டென் 2025-இல் முயன்றது, யார் எத்தனை வென்றாலும் சரி என்று. அது குழுவின் ஜோசியத்தைவிட மோசமான யோசனை. சின்ன நல்ல அறிகுறி ஒன்று இருக்கிறது: 2025 சீசனுக்கு முன்பு, எதிரணியின் வலிமையோடு வெற்றி தோல்வியை எடைபோடும் ஒரு புது அளவைக் குழுவின் மேசைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். இப்போதைக்கு அது பரிந்துரைதான். குழு எடுத்துக்கொள்ளலாம், விட்டும்விடலாம். நவம்பர் பிறந்தால் செவ்வாய்க்கிழமை இரவுகளில் தரவரிசை நிகழ்ச்சியும் வழக்கம்போல நடக்கிறது. சீசன் முடியும் முன் வாராவாரம் ஒரு பட்டியலை வெளியிட்டு, பிறகு அதற்கே விளக்கம் சொல்லித் திணறும் அந்த நிகழ்ச்சியை நிறுத்தினாலே பாதி வம்பு குறையும். ஆனால் அதற்கு விளம்பரதாரர்கள் இருக்கிறார்கள்.